ஊருணிக்கரை மரக் கோஸ்டர்: கேமில் நிஜம்போலக் கட்டும் முறை

பிளானட் கோஸ்டர் போன்ற, பொழுதுபோக்குப் பூங்கா கட்டும் கேம்களில் மரக் கோஸ்டர் (மரத் தண்டவாளத்தில் ஏறி இறங்கி ஓடும் ரோலர் கோஸ்டர்) கட்டுகிறவர்களில் பாதிப் பேர் டிராக்கை மனம்போன போக்கில் இழுத்துவிட்டு, அடியில் கேம் தானாக நிரப்பும் சட்டங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்க மரம்தான். ரயில் ஓடும்போது இரும்புக் கோஸ்டர் என்று தெரிந்துவிடும். இந்தக் கோளாறுக்கு மருந்து ஒரே கேள்வி. ஒவ்வொரு துண்டை வைக்கும்போதும் கேளுங்கள்: இதை ஓர் ஆசாரி பலகையை வைத்துக் கட்ட முடியுமா?

முடியும் முடியாது என்று சொல்ல, நிஜ டிராக் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கத் தண்டவாளமும் ஏழெட்டுப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியும் போல்ட்டும் அடித்துக் கட்டிய அடுக்கு. மேல் பலகைகள் உள்பக்கமாகச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் படும் இடங்களில் மட்டும் இரும்புப் பட்டை. பெட்டியின் சக்கரங்கள் மூன்று விதம்: மேலே ஓடுவது, பக்கவாட்டில் உரசுவது, அந்த நீட்டலுக்கு அடியில் கொக்கிபோல் பிடித்துக்கொள்வது. அடிச்சக்கரம் இல்லாவிட்டால் மேட்டில் ரயில் பறந்துவிடும். பென்சில்வேனியாவில் 1902-ல் கட்டிய லீப் தி டிப்ஸ் கோஸ்டரில் அது கிடையாது, அதனால்தான் அதன் மேடுகள் அவ்வளவு சாது. கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-ல் அடிச்சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகே ஆளை இருக்கையிலிருந்து தூக்கும் மேடுகள் சாத்தியமாயின.

இன்னொன்று: மரக் கோஸ்டர் என்று பெயர் வருவது டிராக்கால், சட்டத்தால் அல்ல. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் சைக்ளோன் (1927), ஹாலிடே வேர்ல்ட் பூங்காவின் வாயேஜ் (2006) இரண்டுக்கும் தாங்கும் சட்டகம் இரும்பு, டிராக் மரம். ஆகவே கேமில் இரும்புச் சட்டம் போட்டாலும் தப்பில்லை. ஆனால் முதல் முயற்சிக்கு முழு மரமே நல்லது, பிழைகள் உடனே கண்ணில் படும்.

அடுக்குப் பலகையை ஆசாரி அந்த இடத்திலேயே வளைத்து அடிக்கிறார். அதனால் ஒரே நேரத்தில் திருகி, வளைந்து, செங்குத்தாக விழும் டிராக் மரத்துக்கு ஆகாது. பழைய பாணியில் முதல் இறக்கம் 45 முதல் 55 டிகிரி, சைக்ளோன் 58-ஐ ஒட்டிப் போகிறது. நியூ ஜெர்சியின் எல் டோரோ (2006) 76 டிகிரி விழுகிறதே என்று கேட்கலாம். அதன் டிராக் தொழிற்சாலையில் இயந்திரத்தால் செதுக்கிக் கொண்டுவந்து பொருத்தியது. தலைகீழ்ச் சுற்று பழைய பாணியில் இல்லவே இல்லை. 2000-ல் சன் ஆஃப் பீஸ்ட் என்ற மரக் கோஸ்டர் அப்படி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தது, 2006-ல் அதைக் கழற்றிவிட்டார்கள்.

மனை

நாம் கட்டப்போவது ஒரு செட்டிநாட்டு ஊரின் ஊருணிக் கரையில். அந்த மண்ணில் மலை அதிகம் கிடையாது. செம்மண் சமவெளி, நடுவில் ஊருணி, சுற்றிக் கரை. கோஸ்டருக்கு இது ஒருவகையில் வசதி: எல்லா உயரத்தையும் ஒரே தரைமட்டத்திலிருந்து அளக்கலாம். கேமில் 300-க்கு 110 மீட்டர் இடத்தைத் தட்டையாக்குங்கள். நடுவில் 110 மீட்டர் நீளம், 28 மீட்டர் அகலத்தில் ஓர் ஊருணி, ஆழம் 3 மீட்டர். நான்கு பக்கமும் செம்பாறாங்கல் படிக்கட்டு வைக்க இடம் விடுங்கள். தண்ணீர் விளிம்பு ஒழுங்கான செவ்வகமாக இருக்கட்டும். இயற்கை ஏரிபோல் வளைத்து நெளித்தால் ஊருணி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ரயில் ஒரு கரையோரம் போய், ஊருணியின் மறுகோடியைச் சுற்றி, எதிர்க்கரையோரம் திரும்புகிறது. போகும் தடத்துக்கும் வரும் தடத்துக்கும் இடையே 40 மீட்டர். லிஃப்ட் (சங்கிலி ரயிலை இழுத்து ஏற்றும் முதல் ஏற்றம்) உயரம் 28 மீட்டர், மொத்த நீளம் 800 மீட்டரை ஒட்டி வரும். சைக்ளோன் 26 மீட்டர் உயரம், 805 மீட்டர் நீளம். அதனால் அளவில் நாம் நிஜத்தை விட்டு விலகவில்லை.

எஞ்சிய உயரம்

இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், வேகக் கணக்கே வேண்டாம். லிஃப்ட் உச்சியின் உயரத்திலிருந்து இப்போது ரயில் இருக்கும் உயரத்தைக் கழியுங்கள். உராய்விலும் காற்றிலும் தொலைந்த உயரத்தையும் கழியுங்கள். மிச்சம்தான் எஞ்சிய உயரம்.

உராய்வுக்கு முதலில் 100 மீட்டர் ஓட்டத்துக்கு 2 மீட்டர் உயரம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தொடக்கக் கணக்குத்தான். கேமுக்குக் கேம், ரயிலுக்கு ரயில் மாறும். சோதனை ஓட்டத்தில் முதல் பள்ளத்தின் வேகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மணிக்கு 80 கி.மீ. என்றால் எஞ்சிய உயரம் 25 மீட்டர், 60 என்றால் 14, 50 என்றால் 10.

இனி மூன்று விதிகள். பள்ளத்தின் ஆரம் எஞ்சிய உயரத்துக்குச் சமமாக இருந்தால் அடிவயிற்றில் 3 ஜி அழுத்தம், அதாவது நம் எடையைப்போல் மூன்று மடங்கு, வரும். மேட்டின் ஆரம் எஞ்சிய உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் உச்சியில் எடையே தெரியாது, அதாவது சுழி ஜி. அதைவிட ஆரம் சிறுத்தால் ஆள் இருக்கையை விட்டு எழுவார். கிடைமட்ட வளைவின் ஆரமும் அதே இரண்டு மடங்கு இருந்தால் 45 டிகிரி சாய்வில் பக்கவாட்டுத் தள்ளல் முழுதும் சமமாகிவிடும்.

மூன்றும் தோராயமல்ல, பள்ளிக்கூட இயற்பியலிலிருந்து நேரே வருபவை. ஆரத்தைக் கேம் திரையில் காட்டாவிட்டாலும் கவலையில்லை. துண்டின் நீளத்தை 57.3-ஆல் பெருக்கி, அந்தத் துண்டு வளையும் டிகிரியால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 4 மீட்டர் துண்டுக்கு 229-ஐ டிகிரியால் வகுக்க வேண்டும், 2 மீட்டர் துண்டுக்கு 115-ஐ. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

டிராக் போடுதல்

நிலையம் 22 மீட்டர், தரையிலிருந்து 3 மீட்டர் உயரம். ரயிலுக்கு ஆறு பெட்டிகள், பெட்டிக்கு நான்கு பேர், மொத்தம் 24. நிலையத்திலிருந்து நேராகவே லிஃப்ட். சரிவு 25 டிகிரி. 25 மீட்டர் ஏற 59 மீட்டர் நீளம் பிடிக்கும். சங்கிலி வேகம் வினாடிக்கு 2 மீட்டர் வைத்தால் அரை நிமிடம். அதைவிட வேகமாக வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். மரக் கோஸ்டரின் பாதி பயம் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. ரயில் பின்னால் வழுக்காமல் தடுக்கும் பல்கொக்கி எழுப்பும் சடக் சடக் ஓசை கேமில் தானாக வரும். தேர்ச்சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டையின் வேலைதான் அதற்கும்.

உச்சியில் ஆரம் 8 முதல் 10 மீட்டர். முன்பெட்டி கிட்டத்தட்ட நின்று எட்டிப் பார்க்கும், பின்பெட்டி இழுபட்டு விழும். மரக் கோஸ்டரில் கடைசி வரிசைக்குக் கூட்டம் சேர்வது இதனால்தான். பிறகு 52 டிகிரி இறக்கம், அடிமட்டம் தரையிலிருந்து 2 மீட்டர். அங்கே எஞ்சிய உயரம் 25-ஐ ஒட்டி, வேகம் 80 கி.மீ. ஆரம் 24 வையுங்கள், 3 ஜிக்குச் சற்று மேல் காட்டும்.

இந்தப் பள்ளத்தைத்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள், ஆகவே துண்டு துண்டாகவே சொல்லலாம். கீழ்நோக்கி 52-லிருந்து மேல்நோக்கி 35 டிகிரிக்குத் திரும்ப வேண்டும், மொத்தம் 87 டிகிரி. 4 மீட்டர் துண்டுகள் பத்து. முதல் துண்டில் 5 டிகிரி, நடுவில் எட்டுத் துண்டுகளில் ஒன்பதரை, கடைசியில் மறுபடி 5 அல்லது 6. முதலும் கடைசியும் பாதியளவு வளைவதால் அழுத்தம் படிப்படியாக ஏறி இறங்கும். எல்லாத் துண்டும் ஒரே அளவு வளைந்தால் நேர்ச்சரிவு முடிந்த இடத்தில் சுவரில் முட்டியதுபோல் ஜி எகிறும், அழுத்தத்தை நிறத்தால் காட்டும் ஹீட்மேப்பில் அங்கே சிவப்புக் கோடு விழும்.

அடுத்தது 19 மீட்டர் மேடு, லிஃப்டின் மூன்றில் இரண்டு பங்கு. உச்சியில் எஞ்சிய உயரம் 7.3. சுழி ஜிக்கு ஆரம் 14.6 வரும். நமக்கு ஆள் எழ வேண்டும், ஆகவே ஆரம் 11.5, அதாவது 2 மீட்டர் துண்டுக்கு 10 டிகிரி. மைனஸ் 0.3 ஜி கிடைக்கும். இந்தக் கணக்கு நடுப்பெட்டிக்கு உரியது. கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டிகள் ஏற்கெனவே கீழே இழுத்துக்கொண்டிருக்கும், அங்கே இன்னும் அதிகமாக எழும்பும். கடைசி வரிசைக் கேமராவில் உட்கார்ந்து பார்த்து, மைனஸ் 1-ஐத் தாண்டினால் ஆரத்தை ஒரு மீட்டர் கூட்டுங்கள்.

ஊருணிக் கோடியைச் சுற்றும் பெருவளைவு 13 மீட்டர் உயரத்தில், ஆரம் 20, 4 மீட்டர் துண்டுக்குப் பதினொன்றரை டிகிரியாகப் பதினாறு துண்டுகள். எஞ்சிய உயரம் 12 என்பதால் பக்கவாட்டை முழுதும் சமன்செய்ய 50 டிகிரி சாய்வு தேவை. 50 வைக்காதீர்கள், 35 போதும். மிச்சம் 0.4 ஜி ஆளைப் பெட்டியின் ஓரத்துக்குத் தள்ளும். பக்கத்தில் உட்கார்ந்தவர்மேல் சாய்வதுதான் மரக் கோஸ்டரின் சுபாவம், அதை முழுதாக அழித்தால் இரும்புக் கோஸ்டரின் வழவழப்பு வந்துவிடும்.

சாய்வை வளைவுக்குள் போய்த் தொடங்கக் கூடாது. நேர்த்தடத்தின் கடைசி இரண்டு துண்டுகளில் பாதிச் சாய்வு, வளைவின் முதல் இரண்டில் மீதி. துண்டுக்கு 10 டிகிரிக்கு மேல் திருகாதீர்கள், பலகை அவ்வளவு முறுக்குக்குப் பிளந்துவிடும். வளைவும் சாய்வும் ஒரே புள்ளியில் தொடங்கினால் பக்கவாட்டு வரைபடத்தில் ஓர் ஊசிமுனை நிற்கும். சவாரியில் அது கழுத்து சுளுக்கும் இடம்.

எதிர்க்கரையில் 12 மீட்டர், 9 மீட்டர் என இரண்டு மேடுகள். ஆரம் முறையே 15, 18. மேடு சிறுக்க ஆரம் பெருகுவது விசித்திரமாகத் தோன்றலாம். தாழ்ந்த மேட்டில் எஞ்சிய உயரம் அதிகம், ரயில் வேகமாக வருகிறது, அதனால்தான். இதை மறந்து எல்லா மேட்டுக்கும் ஒரே வடிவத்தை நகலெடுத்தால் கடைசி மேட்டில் மைனஸ் 1.5 வந்து பார்வையாளர்கள் வரிசையிலேயே நிற்கமாட்டார்கள்.

பிறகு 22 மீட்டர் ஆரத்தில் முழுச்சுற்று, ஊருணிக்கு வெளிப்பக்கமாக. முழுச்சுற்றின் முடிவு தன் தொடக்கத்தின் அடியில் நுழைந்து போக வேண்டும் என்பதால் 8 மீட்டரில் நுழைந்து 3 மீட்டரில் வெளியேறட்டும். சாய்வு 38 டிகிரி. சுற்றச் சுற்ற இறங்குவதால் வேகம் கூடி, பக்கத் தள்ளல் 0.3-லிருந்து 0.45 வரை ஏறும். அது முடிந்ததும் 6 மீட்டர் உயரத்தில் மூன்று குட்டி மேடுகள், ஆரம் 14 அல்லது 15, மைனஸ் அரை ஜி. உடனே பிரேக்.

பிரேக் தடம் 4 மீட்டர் உயரத்தில் 30 மீட்டர் நீளம். ரயில் ஏறக்குறைய 55 கி.மீ. வேகத்தில் வந்து நுழையும். பத்து மீட்டரில் நிறுத்த முயன்றால் ஒன்றே கால் ஜிக்கு ஆள் முன்னால் போய் மோதுவார். பிறகு 20 மீட்டர் ஆரத்தில் மெதுவான அரைச்சுற்று, ஒரு மீட்டர் இறங்கி, 30 மீட்டர் காத்திருப்புத் தடம், நிலையம். அரைச்சுற்றில் சாய்வே வேண்டாம், ஆள் நடக்கும் வேகத்தில் போகும் ரயிலுக்குச் சாய்வு எதற்கு?

இரண்டு ரயில் ஓட்ட மூன்று பிளாக் (ஒரு நேரத்தில் ஒரே ரயில் இருக்கக்கூடிய தடப்பகுதி) வேண்டும்: நிலையம், லிஃப்ட், பிரேக் தடம். ரயில்களின் எண்ணிக்கையைவிடப் பிளாக் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. காத்திருப்புத் தடத்திலும் ஒரு பிளாக் போட்டால் ரயில் பிரேக்கிலேயே வெயிலில் காயாமல் நிலைய வாசல்வரை வந்து நிற்கும்.

ஸ்மூத் பொத்தான்

முழு டிராக்கையும் தேர்ந்தெடுத்து, வளைவுகளை வழவழப்பாக்கும் ஸ்மூத் பொத்தானை அழுத்துவதைப் போல நாசவேலை வேறில்லை. அது மேட்டின் உச்சியைத் தட்டையாக்கி, பள்ளத்தை மேலே தூக்கி, நீங்கள் கணக்குப் போட்ட ஆரங்களையெல்லாம் கரைத்துவிடும். துண்டுகள் சேரும் இடத்தில் மட்டும், மூன்று நான்கு துண்டுகளாகத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை அழுத்துங்கள். அழுத்திய பின் உயரத்தை மறுபடி சரிபாருங்கள்.

ரயில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் பின்னால் வழிந்தால் பூஸ்டர் (ரயிலைத் தள்ளி வேகமேற்றும் துண்டு) போட்டுச் சமாளிக்க வேண்டாம். மேட்டை ஒரு மீட்டர் குறையுங்கள், அல்லது அதற்கு முன்னாலுள்ள வளைவின் நீளத்தைக் குறையுங்கள். சும்மா ஓடும் ரயிலுக்கு எஞ்சிய உயரம் எங்கும் 5 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. நிஜத்தில் காலையில் முதல் ஓட்டம் மந்தமாக இருக்கும், சக்கரமும் கிரீஸும் சூடேறிய மாலையில் அதே ரயில் விரைந்து ஓடும். அந்த இடைவெளிக்கு இடம் விட்டே கட்டுகிறார்கள்.

சட்டகம்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

காரைக்குடிப் பக்கம் கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டுவதைக் கவனித்தவர்களுக்கு இந்தப் பகுதி பாதி தெரிந்ததுதான். டிராக்கின் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டு நேர்கால், உயரம் கூடினால் வெளிப்பக்கம் ஒவ்வொரு சாய்கால், அவற்றைக் கட்டும் படுக்கைச் சட்டங்கள், பெருக்கல்குறியாகக் குறுக்குமுட்டு. இப்படிப்பட்ட சட்டகங்களை 3 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தி, நெடுக்குச் சட்டங்களால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். நேர்கால்களுக்கு இடையே 2 மீட்டர். சாய்கால் 6 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் வெளியே விரியட்டும். லிஃப்ட் உச்சிக்கு அடியில் தரையில் 11 மீட்டர் அகலம் வரும்.

நிஜம்போலத் தெரிவதற்கு மூன்று கட்டுப்பாடுகள்.

முதலாவது, கால் எப்போதும் தூக்குக்குண்டு தொங்கும் நேரில் நிற்கும். டிராக் 52 டிகிரி சரிந்தாலும் 35 டிகிரி சாய்ந்தாலும் கால் சரியாது. சாய்வதெல்லாம் உச்சியில் டிராக்கைத் தாங்கும் குறுக்குக்கட்டை மட்டுமே. சட்டகத்தை டிராக்குக்குச் செங்கோணமாகத் திருப்பலாம், டிராக்கோடு சேர்த்துச் சாய்க்கக் கூடாது. கேமில் கட்டையை டிராக்கோடு ஒட்டிவைக்கும் ஸ்னாப்பைப் பயன்படுத்தினால் இந்தத் தவறு தானாக நடக்கும், அணைத்துவிட்டு வையுங்கள்.

இரண்டாவது, படுக்கைச் சட்டங்களின் மட்டத்தைத் தரையிலிருந்து அளக்க வேண்டும், டிராக்கிலிருந்து கீழ்நோக்கி அல்ல. 3, 6, 9, 12 என்று கோஸ்டர் முழுதுக்கும் ஒரே மட்டங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோடுகள் ரசமட்டம் வைத்ததுபோல் நூறு மீட்டருக்கு ஓடும், டிராக் மட்டும் அவற்றை வெட்டிக்கொண்டு ஏறி இறங்கும். பழைய மரக் கோஸ்டரின் புகைப்படத்தில் நம்மை நிறுத்தும் அழகு இதுதான். மட்டம் சட்டகத்துக்குச் சட்டகம் மாறினால் சுள்ளிக்கட்டுபோல் தெரியும்.

மூன்றாவது, மரம் மண்ணைத் தொடக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் தரைக்கு மேல் ஒரு சாண் கான்கிரீட் மேடை, இரும்புப் பட்டைப் பிடி. செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண்கள் கல்லின்மேல் நிற்பதும் இதே காரணத்தால்தான். செம்மண்ணில் கறையான் ஏறினால் தூண் உள்ளுக்குள் சல்லடை.

வளைவில் சாய்கால் வெளிப்பக்கம் மட்டும் கூடுதலாகப் போடுங்கள், ரயில் தள்ளுவது அந்தப் பக்கம்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் போடுவது குற்றமில்லை, ஆனால் கணக்குத் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். டிராக் டிராக்குக்கு அடியில் போகும் இடத்தில், முழுச்சுற்றில், கீழ்த்தடத்துக்குள் கால் இறங்காதபடி அந்தச் சட்டகத்தின் நேர்கால்களை அகட்டி, மேலே தடித்த உத்தரம் போட்டுத் தாங்குங்கள். தண்டவாளத்திலிருந்து உத்தரத்தின் அடிவரை 3 மீட்டர், பெட்டியின் பக்கத்திலிருந்து அடுத்த காலுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். கை நீட்டியவன் கை தப்ப வேண்டுமே.

800 மீட்டருக்கும் கையால் கட்ட வேண்டியதில்லை. கணக்குப் போட்டால் 200-க்கு மேல் சட்டகம், ஆயிரக்கணக்கில் துண்டு, சாதாரண மடிக்கணினி திணறிவிடும். 6, 12, 18, 24 மீட்டர் உயரங்களில் நான்கு மாதிரிச் சட்டகங்களைச் செய்து குழுவாகச் சேமித்து நகலெடுங்கள். பார்வையாளர் நடக்கும் பாதையிலிருந்து தெரியும் லிஃப்ட், முதல் இறக்கம், ஊருணிப் பெருவளைவு மூன்றுக்கும் கைச்சட்டகம், மற்ற இடங்களில் கேம் தருவதே போதும். மின்வெட்டு நேரம் தெரிந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும்: இருபது சட்டகத்துக்கு ஒருமுறை சேமியுங்கள்.

டிராக்கின் ஓரமாக நடைபலகையும் கைப்பிடியும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் டிராக் முழுதும் நடந்து ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அவருக்கு வழி இல்லாத கோஸ்டர் அடுத்த நாள் ஓடாது. 60 சென்டிமீட்டர் பலகை, ஒரு மீட்டர் கைப்பிடி, லிஃப்டில் இரண்டு பக்கமும் படி.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை. செட்டிநாடு என்றதும் பர்மாத் தேக்கின் பளபளப்பு நினைவுக்கு வந்து கோஸ்டரையே அடர்பழுப்பாக்கத் தோன்றும். அமெரிக்காவில் இதற்குப் பெரும்பாலும் மருந்தேற்றிய சதர்ன் எல்லோ பைன். புதிதில் இலேசான பச்சை, வெயில் பட்டால் சாம்பல். வெள்ளை பூசுவதும் பழைய வழக்கம். சாம்பலை அடிப்படையாக வைத்து, தெற்கும் மேற்கும் பார்க்கும் முகங்களைச் சற்று வெளிறவிடுங்கள். பள்ளங்களிலும் வளைவுகளிலும் டிராக் பலகை சீக்கிரம் தேயும், அங்கேதான் புதுப்பலகை மாற்றுவார்கள். முதல் பள்ளத்திலும் முழுச்சுற்றின் கடைசிக் கால்பங்கிலும் மட்டும் புதுப் பைன் நிறம். வேறெங்கும் வேண்டாம்.

நிலையமும் வரிசையும்

தேக்குக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் உரிய இடம் இது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பிலிருந்து பின்வாசல்வரை எல்லா வாசலும் ஒரே நேர்க்கோட்டில். கோஸ்டர் நிலையத்துக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. ஏறுகிறவர்கள் முன்தெருவிலிருந்து வருவார்கள், இறங்கியவர்கள் பின்தெருவுக்குப் போவார்கள், இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளாது.

திண்ணையை ஒட்டி நுழைவு. வளவில் வரிசை, நான்கு பக்கத் தாழ்வாரத்தைச் சுற்றி வரட்டும், நடுமுற்றம் வெறுமையாக. இரண்டாம் கட்டில் ரயில் மேடை. வாசல்களின் அந்த நேர்க்கோட்டை லிஃப்டின் பக்கமாகத் திருப்பிவைத்தால் முகப்பில் நிற்கிறவருக்கு எல்லா நிலைப்படிகளுக்கும் ஊடாக, கடைசிச் சட்டத்துக்குள் சங்கிலி ஏறும் ரயில் தெரியும். நிலையம் 3 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வளவிலிருந்து மேடைக்குப் படியும் சரிவுப் பாதையும் போட வேண்டும். சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 36 மீட்டர், தாழ்வாரத்தைச் சுற்றி அது அடங்கிவிடும்.

தரைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றே நிறத்தில் ஒரே ஓவியம் திரும்பத் திரும்ப வரட்டும். சுவர் சுண்ணாம்பு வெள்ளை, கூரை சீமை ஓடு. ரயில் ஓடும் இடத்தின் அடியில் ஆத்தங்குடிக் கல் பதிக்காதீர்கள், கிரீஸ் சொட்டும் இடம் அது.

பழைய கணினிக்கு

கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் ரோலர்கோஸ்டர் டைகூன் 2 என்ற பழைய கேமின் திறந்தமூல வடிவமான ஓபன்ஆர்சிடி2-வில் இதையே செய்யலாம், மூலக் கேமின் கோப்புகள் மட்டும் வேண்டும். அங்கே சரிவு 25, 60 டிகிரி இரண்டே, ஆரமும் கட்டம் கட்டமாகத்தான். எஞ்சிய உயரக் கணக்கு அப்படியே பொருந்தும். சவாரியின் கடுமையைக் காட்டும் இன்டென்சிட்டி எண் 10-ஐத் தாண்டினால் பெரும்பாலானோர் ஏறமாட்டார்கள். பக்கவாட்டு ஜி 2.8-க்கு மேல் போனால் அந்த எண் திடீரென்று எகிறும். காரணம் பெரும்பாலும் வேகமாக வரும் இடத்தில் சாய்வில்லாத சிறுவளைவு. அதை ஒரு மேட்டின் உச்சிக்கு நகர்த்துங்கள், ரயில் அங்கே மெதுவாக இருக்கும்.

கட்டி முடித்துப் பிறரோடு பகிர்வதாக இருந்தால் ஒரு கடைசி வேலை. பிளானட் கோஸ்டர் ப்ளூபிரிண்டில் (கட்டியதைச் சேமித்துப் பகிரும் கோப்பு) டிராக், சட்டகம், நிலையம் எல்லாம் போகும், மண் போகாது. இறக்குகிறவர் மனையில் ஊருணி இருக்காது, கான்கிரீட் மேடைகள் காற்றில் தொங்கும் அல்லது தரைக்குள் புதையும். ஆகவே ப்ளூபிரிண்டின் விளக்கத்தில் தரைமட்டத்துக்கும் நிலைய மேடைக்கும் இடையே 3 மீட்டர், ஊருணி 110-க்கு 28, ஆழம் 3, வடக்கு எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்கள்.